முகம் யாருடையது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

தன் முகத்தையோ தன்னைச் சேர்ந்தவர்களின் முகத்தையோ வழக்கமான முறையிலிருந்து விலகிப் படமெடுத்து, அதன் வழியாக ‘நான் யார்’ என்று கேட்டுப் பார்க்கும் முயற்சிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேரள, ஆந்திர எல்லையோர ஊர்களிலிருந்து வந்திருக்கின்றன. நானும் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் பிறந்து, இன்றும் அங்கேயே இருப்பவன் என்பதால் அது எனக்கு வியப்பாக இல்லை. நம்மிடம் பிறர் முதலில் கேட்கும் கேள்வியே ‘நீங்கள் எந்தப் பக்கம்?’ என்பதுதான். ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சிலவற்றுக்கு நீளமாகவும் ஒன்றுக்குச் சுருக்கமாகவும் எழுத வேண்டியிருந்தது.

கேள்வி: நான் கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்தவள். கல்லூரியில் காட்சிக் கலை படிக்கிறேன். வீட்டில் தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். கோயம்புத்தூருக்குப் போனால் ‘கேரளாக்காரப் பொண்ணு’ என்கிறார்கள். பாலக்காட்டில் தமிழ்க்காரி என்ற பொருளில் ‘பாண்டி’ என்கிறார்கள். இதையே பொருளாக வைத்து என்னை நானே ஒரு படம் எடுத்தேன். முகத்தின் இடப்பாதியில் சந்தனக்குறியும் கசவுத் துணியும், வலப்பாதியில் குங்குமமும் கண்டாங்கிச் சேலையும் வருமாறு இரண்டு படங்களை ஒட்டினேன். எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு மட்டும் அது பொய்யாகத் தெரிகிறது. ஏன், ஐயா?

பதில்: உங்கள் உள்ளுணர்வு சரியானது. உங்கள் வீட்டுக் கொடியில் இன்று உலர்ந்துகொண்டிருக்கும் துணிகளை எண்ணிப் பாருங்கள். அவற்றில் கண்டாங்கி எத்தனை, கசவு எத்தனை? சுடிதாரும் நைட்டியும் அப்பாவின் கட்டம் போட்ட லுங்கியும்தான் இருக்கும். நீங்கள் ஒட்டிய இரண்டு பாதிகளும் உங்கள் வீட்டிலிருந்து வரவில்லை. சுற்றுலா விளம்பரத்தட்டிகளிலிருந்து வந்தவை. ‘பாண்டி’ என்று அழைத்தவர் மனத்தில் வைத்திருந்த படம் ஒன்று, ‘கேரளாக்காரி’ என்று சொன்னவர் மனத்தில் வைத்திருந்த படம் ஒன்று. அந்த இரண்டையும் நீங்கள் மறுக்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டீர்கள். தையல் மூக்கின் நடுவில் ஓடுகிறது.

நம் பக்கத்தில் எல்லை அப்படி நேராக ஓடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பாலக்காடு மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தபோது, அதை ஒட்டியிருந்த சித்தூர் கொச்சி அரசின் கீழ் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று இரண்டும் கேரளத்தில் சேர்ந்தன. அதற்கு முன்பும் பின்பும் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போன வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. சித்தூர் பகவதி கோயிலில் மாசி மாதம் நடக்கும் கொங்கன்படைத் திருவிழாவைப் பார்த்திருப்பீர்கள். கொங்கு நாட்டுப் படையைச் சித்தூர்க்காரர்கள் வென்றதாகச் சொல்லப்படும் பழைய போரை நடித்துக் காட்டும் விழா அது. என் தாத்தாவின் தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்த வயதில், எங்கள் வீட்டுப் பேச்சும் கொங்குப் பேச்சு என்பது எனக்குத் தெரியாது. தெரிந்த ஆண்டு நான் யாருக்காகக் கைதட்டுவது என்று திகைத்து நின்றேன். அந்தத் திகைப்பு என் முகத்தில் இடப்பக்கம் ஒன்றாகவும் வலப்பக்கம் வேறாகவும் இருந்திருக்காது. முழு முகத்திலும் இருந்திருக்கும்.

இரண்டு முகங்களைக் கலப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. 1870களில் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் என்பவர், தண்டனை பெற்ற குற்றவாளிகளின் படங்களை ஒரே தகட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, குற்றவாளி இனத்தின் பொதுமுகம் எப்படி இருக்கும் என்று தேடினார். மனித இனத்தைத் தேர்ந்தெடுத்து வளர்க்க வேண்டும் என்ற கொள்கைக்குப் பெயர் சூட்டியவரும் அவர்தான். பல முகங்களைப் பதித்த பிறகு வந்தது கொடிய முகமாக இல்லை. ஒவ்வொருவரிடமும் இருந்த கோணலும் வடுவும் மறைந்து, சாதாரணமான, பார்க்கச் சற்று இனிமையான ஒரு மனித முகம் எஞ்சியது. கால்டனே இதைக் குறிப்பிட்டிருக்கிறார். கலவைப் படம் தனிமனிதரை அழித்துச் சராசரியைக் கொடுக்கும். உங்களுக்குத் தேவை சராசரி அன்று.

பெங்களூருவைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலா, கிளேர் ஆர்னி என்ற ஒளிப்படக் கலைஞருடன் சேர்ந்து 2000க்கும் 2004க்கும் இடையில் செய்த ‘தென்னிந்தியாவின் சுதேசிப் பெண்கள்: பழக்க வழக்கங்கள்’ என்ற தொடரைத் தேடிப் பாருங்கள். ரவி வர்மாவின் ஓவியப் பெண்ணாகவும், வெள்ளைக்கார ஆய்வாளர்கள் கட்டம் போட்ட திரைக்கு முன் நிறுத்தி அளவெடுத்த பழங்குடிப் பெண்ணாகவும் அவரே வேடமிட்டு நிற்கிறார். நீங்களும் வேடம்தான் போட்டீர்கள். அப்படியானால் வேறுபாடு எங்கே? அவர் வேடத்தோடு சேர்த்துத் திரையையும் அரங்கப் பொருள்களையும், ‘தென்னிந்தியப் பெண் இப்படித்தான் இருப்பாள்’ என்று முன்பு தீர்மானித்தவர்களின் கண்ணையும் நமக்குக் காட்டுகிறார். உங்கள் படத்தில் அந்தக் கண் மறைந்திருக்கிறது. வேடம் மட்டும் தெரிகிறது.

ஒரு பயிற்சி சொல்கிறேன். உங்கள் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாட்டி அதை எப்படிச் சொல்வார்? என் பாட்டி ‘கொளிஞ்சாம்பாறை’ என்றுதான் கடைசி வரை சொன்னார். பேச்சுத்தமிழில் பல இடங்களில் ழகரம் ளகரமாகத் தேய்ந்துவிட்டது. மலையாளப் பேச்சில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆகவே, தமிழின் தனிச்சிறப்பு என்று நாம் கொண்டாடும் அந்த எழுத்தைச் சரியாக ஒலிக்க உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் உங்கள் மலையாள ஆசிரியையாகவே இருக்கலாம். இதை எந்தப் பாதியில் ஒட்டுவீர்கள்?

மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில் சன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காருங்கள். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஐஎஸ்ஓ 100, துவாரம் எஃப் 16 என்று வைத்தால், ஷட்டர் இரண்டு மூன்று வினாடி திறந்திருக்க வேண்டி வரும். தலையைச் சுவரில் சாய்த்து அசையாமல் வைத்துக்கொண்டு, ஷட்டர் திறந்திருக்கும்போது ஊரின் பெயரைப் பாட்டி சொல்வது போல ஒரு முறை, அடுத்த படத்தில் பள்ளியில் சொன்னது போல ஒரு முறை, மூன்றாவதில் இரண்டையும் அடுத்தடுத்து என்று சொல்லுங்கள். கண்கள் கூர்மையாகப் பதியும்; வாயும் தாடையும் கலங்கிப் புகைபோல் வரும். மூன்று படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதல் நாள் எடுப்பவை பயன்படாது, பத்து நாள் எடுங்கள்.

கேள்வி: நகரியில் நாற்பது ஆண்டுகளாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் தமிழர், பாதிப்பேர் தெலுங்கர். இருவருமே எங்கள் பின்திரைக்கு முன்னால் ஒரே மாதிரி நின்றவர்கள்தாம். இப்போது வரும் பிள்ளைகள், மங்கலாகவும் கோணலாகவும் எடுத்தால்தான் பரிசோதனைப் படம் என்கிறார்கள். நாங்கள் செய்ததெல்லாம் வெறும் தொழில்தானா?

பதில்: ஐயா, உங்கள் பரணில் இருக்கும் நெகட்டிவ் பெட்டிகளை முதலில் செல்லரிக்காமல் காப்பாற்றுங்கள். பிறகு பேசலாம் என்று எழுதத் தோன்றினாலும், இப்போதே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் செய்தது பரிசோதனைதான்.

லென்சின் முன்னால் கறுப்பு அட்டையைப் பாதி மறைத்து ஒருவரை இடப்பக்கம் நிறுத்தி ஒரு முறை, அட்டையை மாற்றிப் பிடித்து அவரையே வலப்பக்கம் நிறுத்தி ஒரு முறை என்று எடுத்து, தன்னோடு தானே கைகுலுக்கும் மனிதரை நீங்கள் எத்தனை முறை உருவாக்கியிருப்பீர்கள்! வேட்டி கட்டி வந்தவருக்கு ஸ்டுடியோ கோட்டு மாட்டிவிட்டு, பின்னால் வரைந்த மாளிகைப் படிக்கட்டை வைத்து எடுத்தபோது, அவர் யாராக இருக்க விரும்பினாரோ அந்த மனிதரை ஒரு நிமிடம் இருக்கவிட்டீர்கள். மத்தியப் பிரதேசத்தின் நாக்தா என்ற சிற்றூரில் ஒரு ஸ்டுடியோ இதே போல் எடுத்து வைத்திருந்த படங்களை, கிறிஸ்டோபர் பின்னி என்ற மானுடவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதினார்; ஸ்டுடியோ என்பது கனவை ஒத்திகை பார்க்கும் அறை என்பது அவற்றைப் பார்க்கும் எவருக்கும் புரியும். ஆப்பிரிக்காவில் பாங்கி நகரில் சாமுவேல் ஃபாசோ 1975இல் தன் 13ஆம் வயதில் ஸ்டுடியோ தொடங்கி, நாள் முடிவில் ஃபிலிம் சுருளில் மிஞ்சிய கட்டங்களில் தன்னைத் தானே விதவிதமான உடையில் எடுத்தார். அந்தப் படங்கள் இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் உள்ளன. அவருக்குக் கிடைத்த மிச்சச் சுருள் உங்களுக்கும் கிடைத்திருக்கும். அதில் உங்களை நீங்கள் எடுத்துக்கொண்டதுண்டா? உண்டென்றால் அவற்றை முதலில் தேடி எடுங்கள்.

ஆனால் தொழிலில் நாம் செய்த தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பதினேழு வயதில் நான் ஒரு ஸ்டுடியோவில் டச்சிங் வேலை பழகினேன். நெகட்டிவின் மேல் கூரான பென்சிலால் மெல்லிய புள்ளிகள் வைத்தால் அச்சில் அந்த இடம் வெளுத்து வரும். கறுப்பைக் குறைப்பதற்கும், வடுவை மறைப்பதற்கும் அதுதான் வழி. ஒரு நாள் பனங்காட்டு வேலைக்குப் போகும் பாட்டி ஒருவர், பேரன் வேலைக்குப் போகும் ஊருக்குக் கொடுத்தனுப்ப ஒரு படம் எடுத்துக்கொண்டார். அவருடைய மோவாயில் மூன்று பச்சைப் புள்ளிகள் இருந்தன. அழுக்கு போலத் தெரிகிறதே என்று நான் மூன்றையும் பென்சிலால் நிரப்பிவிட்டேன். படத்தை வாங்க வந்தவர் அதைச் சன்னல் பக்கம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். பிறகு தன் மோவாயைத் தொட்டுக்கொண்டு, “எங்கம்மா என்னெ மடியில போட்டுக் குத்திவிட்டது. அதெ எங்கே வெச்சே சாமி?” என்று கேட்டார். கோபமே இல்லை அந்தக் குரலில். புதிதாக எடுத்துக் கொடுத்தோம். அன்று முதல் எந்த முகத்திலும் எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று முகத்துக்குரியவரைக் கேட்காமல் நான் பென்சிலைத் தொட்டதில்லை.

உங்களிடம் வரும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். பழைய நெகட்டிவில் டச்சிங் செய்த இடங்களை மட்டும் ஒளிப்பெட்டியில் வைத்துப் பெரிதாக்கி எடுக்கச் சொல்லுங்கள். நம் வட்டாரம் தன் முகத்தில் எதை வெட்கப்பட்டு மறைத்தது என்பதன் வரைபடம் அதில் கிடைக்கும். திருத்தணி 1960இல் தமிழ்நாட்டுக்குப் போனது, நகரியும் புத்தூரும் ஆந்திரத்தில் நின்றன என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். மறைத்த கறுப்பு இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்பதை உங்கள் பெட்டிதான் காட்ட முடியும். உரியவர்களோ அவர்கள் குடும்பத்தாரோ ஒப்பினால் மட்டும் வெளியே காட்டுங்கள்.

கேள்வி: கைப்பேசிச் செயலியில் என் முகத்தை வயதானவளாக, ஆணாக, வேறு நாட்டுக்காரியாக மாற்றிப் பார்க்கிறேன். இதுவும் அடையாளத் தேடல்தானே? — பாறசாலை வாசகி.

பதில்: தொடக்கமாக இருக்கலாம். ஆனால், செயலி உங்கள் முகத்தை எதிலிருந்து எதற்கு மாற்றுகிறது என்று கவனியுங்கள். நிறத்தை வெளுக்க வைக்கிறதா, மூக்கைச் சிறிதாக்குகிறதா, ‘வேறு நாட்டுக்காரி’ என்பதற்கு என்ன தொப்பியை மாட்டுகிறது? அந்த முடிவுகளை எடுத்தது நீங்கள் இல்லை. மாற்றிய படத்தையும் மாற்றாத படத்தையும் அச்சிட்டு, செயலி கைவைத்த இடங்களை மட்டும் சிவப்பு மையால் சுற்றிக் காட்டினால், அது உங்கள் படமாகிவிடும்.

கேள்வி: மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் என் அம்மா முப்பது ஆண்டுகளாகக் கொழுந்து எடுக்கிறார். அவருடைய முகம் இருக்கும் படங்கள் என்றால் அடையாள அட்டைகளில் இருப்பவை மட்டும்தான். நான் இப்போது ஆசிரியையாக இருக்கிறேன். அவரை நல்லபடியாக ஒரு படம் எடுக்க ஆசை. கேமராவைத் தூக்கினாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வற்புறுத்தவும் மனம் இல்லை, விடவும் மனம் இல்லை.

பதில்: இந்தக் கடிதத்தைப் பலமுறை படித்தேன், அம்மா. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வது உங்களிடமிருந்து அல்ல, கேமராவிடமிருந்து. அவருடைய வாழ்க்கையில் கேமரா இதுவரை எப்படி வந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

நேராகப் பார், சிரிக்காதே, காது தெரியட்டும், பின்னால் வெள்ளை இருக்கட்டும் என்னும் அடையாள அட்டைப் படத்தின் முறை தானாக வந்ததன்று. 1880களில் பாரிஸ் காவல்துறையில் அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன் என்பவர், கைதானவரை நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று ஒரே தூரத்தில், ஒரே ஒளியில் எடுத்து, உடலளவுகளோடு அட்டையில் ஒட்டும் முறையைக் கொண்டுவந்தார். இன்று நாம் எல்லோரும் நிற்கும் நிலையின் முன்னோடிகளில் அது ஒன்று. நம் நாட்டில் அதற்கும் முன்பே, 1868 முதல் 1875 வரை, ‘இந்திய மக்கள்’ என்ற பெயரில் எட்டுத் தொகுதிகளாக இன்னின்ன சாதியார் இப்படி இருப்பார்கள் என்று படங்களோடு ஆங்கில அரசு வெளியிட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து, 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அந்தத் தொகுதிகளில் முகம் இருக்கும், பெரும்பாலும் பெயர் இருக்காது. சாதியின் பெயரே முகத்துக்குப் பெயர். தோட்டத்தில் சுற்றுலா வந்தவர்கள் சாலையோரத்தில் காரை நிறுத்தி உங்கள் அம்மாவை எடுக்கும் படங்களிலும் அதே குறைதான்: பச்சை மலையும் கூடையும் ஒரு பெண்ணும் இருப்பார்கள், அவருடைய பெயர் இருக்காது. 2015 செப்டம்பரில் தோட்டத்துப் பெண்கள் போனசுக்காகவும் கூலிக்காகவும் மூணாறுச் சாலையில் உட்கார்ந்த நாட்களில், அவர்கள் தாங்களே விரும்பி, முகத்தை நிமிர்த்திக் கேமராவைப் பார்த்தார்கள். உங்கள் அம்மா அங்கே இருந்திருந்தால் அந்த நாளைப் பற்றி அவரிடம் கேளுங்கள். எப்போது முகத்தைக் காட்டுவது என்பது அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை.

முகம் தெரியாத படம் முகப்படம் ஆகுமா என்று கேட்பீர்கள். பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில், 21 விளக்குகளின் ஒளியில் நடக்கும் தோல்பாவைக் கூத்தை ஒரு முறையாவது பாருங்கள். மலையாள நாட்டுக் கோயில் அது. புலவர்கள் இரவெல்லாம் பாடுவதோ கம்பனின் தமிழ்ப் பாட்டு. திரையில் முகத்தின் விவரம் ஏதும் இல்லை, வெட்டிய தோலின் நிழல்தான் இருக்கிறது. ஆனாலும் வருவது இராமனா, இராவணனா என்று பார்ப்பவருக்குத் தெரிகிறது. நிற்கும் விதமும் தோளின் வளைவும் சொல்லிவிடுகின்றன.

அதையே உங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், செய்து பாருங்கள். இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, தரையில் ஒரே ஒரு விளக்கை வைத்து, அம்மாவின் நிழல் சுவரில் விழும்படி அவர் வழக்கமாகச் செய்யும் ஏதோ ஒன்றைச் செய்யட்டும். தலைமுடியை அள்ளி முடியட்டும், நாளைக்கு இடுப்பில் கட்ட வேண்டிய சாக்கை மடிக்கட்டும். விளக்கு நெருங்கினால் நிழல் பெருக்கும், தள்ளினால் சிறுக்கும். அளவை அவரே தீர்மானிக்கட்டும். எடுத்த படத்தை உடனே அவரிடம் காட்டுங்கள். பிடிக்காததை அவர் கையாலேயே அழிக்கச் சொல்லுங்கள். இது மிக முக்கியம். அழிக்கும் உரிமை தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பலர் முகத்தைத் திருப்புவதை நிறுத்துகிறார்கள்.

அதற்கடுத்த வாரம் ஷட்டரை அவர் கையில் கொடுங்கள். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ரிமோட்டை அவரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். கொழுந்தின் கறை படிந்த அந்த விரலுக்கு ரிமோட்டின் பொத்தான் சிறியதாக இருக்கும். ஒன்றிரண்டு முறை சேர்ந்து அழுத்திப் பழக்கிவிடுங்கள். நான் இப்படி எடுக்கச் சொன்ன வயதானவர்களில் சிலர் காலியான நாற்காலியை எடுத்தார்கள்; ஒருவர் இறந்துபோன கணவரின் சட்டை தொங்கும் ஆணியை எடுத்தார். அவை எல்லாமே அவர்களுடைய முகப்படங்கள்தாம் என்று நான் நம்புகிறேன். அம்மா எடுப்பது எதுவானாலும் அதன் கீழே அவருடைய முழுப்பெயரை எழுதி வையுங்கள், எடுத்தவர் என்ற இடத்தில்.

ஒருவேளை அவர் எதற்குமே ஒப்பாவிட்டால் படம் வேண்டாம். அவர் ஏன் வேண்டாம் என்றார் என்பதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆரியங்காவில் இருக்கிறேன், செங்கோட்டையில் வேலை. இருட்டறையோ விலையுயர்ந்த ரசாயனமோ இல்லாமல், வீட்டிலேயே முகப்படத்தைக் கையால் அச்சிட வழி உண்டா? என் தாத்தாவின் படம் ஒன்றை அப்படிச் செய்ய விருப்பம். 1956இல் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து மதராஸோடு சேர்ந்தபோது, அவர் வீடு ஒரு பக்கமும் வயல் மறுபக்கமும் ஆகிவிட்டதாகச் சொல்வார்.

பதில்: உண்டு, அதற்கு உங்கள் அடுக்களையே போதும். தாவரச் சாற்றின் நிறம் வெயிலில் வெளுக்கும் என்பதைப் பயன்படுத்திப் படம் அச்சிடலாம் என்பதை ஜான் ஹெர்ஷல் என்ற அறிவியலாளர் 1842இல் விரிவாக எழுதினார். நீல அச்சு முறையைக் கண்டுபிடித்ததும் அவரே, அதே ஆண்டில். நமக்கு ஏற்றது மஞ்சள். பூவிதழ்ச் சாறுகள் பலவற்றுக்கு நாள்கணக்கில் வெயில் வேண்டும். மஞ்சளுக்கு ஒரு பகல் போதும்.

கலப்படமில்லாத மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டிக்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் நான்கைந்து தேக்கரண்டி சேர்த்துக் கலக்கி, கால் மணி நேரம் தெளியவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அடுப்போ விளக்கோ பக்கத்தில் எரியக் கூடாது. ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். நீர்வண்ணம் தீட்டும் தடித்த காகிதத்தில் அகலமான தூரிகையால் ஒரே சீராகப் பூசி, இருட்டான அலமாரியில் உலர்த்துங்கள். தாத்தாவின் படத்தை ஒளி ஊடுருவும் ஷீட்டில் ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டு வாங்குங்கள். நெகட்டிவாக மாற்ற வேண்டாம், படம் இருக்கிறபடியே இருக்கட்டும். மையின் கறுப்பு அடர்த்தியாக இருக்க வேண்டும். காகிதத்தின் மேல் ஷீட், அதன் மேல் கண்ணாடி, நான்கு பக்கமும் கிளிப் என்று இறுக்கி, உச்சி வெயிலில் மூன்று நான்கு மணி நேரம் வையுங்கள். ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தால், வெயில் பட்ட இடம் வெளிறியிருப்பதும், மை மறைத்த இடத்தில் மஞ்சள் அப்படியே இருப்பதும் தெரியும். தாத்தாவின் புருவமும் கண்ணும் மீசையும் வெயில் தொடாத இடங்களில் தங்கியிருக்கும்.

இப்போது மங்கலான மஞ்சளில் மங்கலான படம் ஒன்றுதான் இருக்கும். பலர் இங்கே மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள். நாட்டு மருந்துக்கடையில் வெங்காரம் (போராக்ஸ்) வாங்கி, ஒரு தம்ளர் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி கரைத்து, ஆறியதும் அகன்ற தட்டில் ஊற்றி, காகிதத்தை அதில் அமிழ்த்துங்கள். எஞ்சியிருக்கும் மஞ்சள் உங்கள் கண்முன்னே செம்பழுப்பாகத் திரும்பும். மீசை முதலில் எழுந்து வரும், பிறகு கண், பிறகு தோள் துண்டின் மடிப்பு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆரத்தித் தட்டில் சிவக்கிறதே, அதே வேதியியல்தான்: மஞ்சளின் நிறப்பொருள் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும். சுண்ணாம்புத் தெளிவிலும் செய்யலாம், ஆனால் உலர்ந்ததும் காகிதத்தில் வெள்ளைப் பொடி படிகிறது. வெங்கார நீர் கண்ணில் படாமலும் குழந்தைகள் கைக்கு எட்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தட்டையும் கரண்டியையும் பிறகு சமையலுக்கு எடுக்க வேண்டாம். காகிதத்தை நல்ல நீரில் ஒரு முறை அலசி நிழலில் உலர்த்துங்கள்.

வீடு ஒரு பக்கமும் வயல் மறுபக்கமும் ஆன கதையையும் இந்த அச்சில் சேர்க்க வழி உண்டு. அந்த வயலில் இன்று விளையும் எதையாவது, ஒரு நெற்கதிரையோ புல்லையோ, ஷீட்டோடு சேர்த்துக் கண்ணாடிக்குக் கீழே வையுங்கள். அது மறைத்த இடமும் சிவந்து, தாத்தாவின் முகத்தின் குறுக்கே வரும். முகத்தின் மேல் எங்கே படுக்க வைப்பது என்பதை, அந்த வயலில் அவரோடு நடந்தவர் யாராவது வீட்டில் இருந்தால் அவரிடமே கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த அச்சை நிலைப்படுத்த முறை ஏதும் இல்லை. எந்த வெயில் படத்தை உருவாக்கியதோ அதே வெயில் அதை அழித்தும் விடும். வெளிச்சமான சுவரில் மாட்டினால் சில வாரங்களிலேயே மங்கத் தொடங்கும், மூடிய பெட்டியில் வைத்தால் நெடுநாள் இருக்கும். இதை வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சுவரா பெட்டியா என்பதைப் பாட்டி இருந்தால் அவரே சொல்லட்டும்.